மலையில் ஆன்மிகமும் புதிய ஊடகக் கலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வீடியோ, ஒலி, சென்சார் கொண்டு (இதைத்தான் புதிய ஊடகக் கலை என்கிறோம்) ஆன்மிகம் சார்ந்த படைப்பு ஒன்றைக் காட்சிக்கு வைக்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. சென்னையில் ஒழுங்காக ஓடிய அமைப்பு மலையேறியதும் மக்கர் செய்யும். அதனால் பதில்கள் பல குளிர், ஈரம், மின்சாரம் பற்றியே இருக்கும்.

புதிய ஊடகக் கலைக்கும் ஆன்மிகத்துக்கும் என்ன சம்பந்தம்?

சன்னிதியில் திரை போட்டு, அலங்காரம் முடியும்வரை கூட்டத்தை அரையிருட்டில் நிறுத்தி, மணி ஒலிக்கத் திரையை விலக்கித் தீபாராதனை காட்டுகிறோமே, அதைவிடத் தேர்ந்த ஒளி–ஒலி அமைப்பு எங்கே இருக்கிறது? வடலூரில் வள்ளலார் 1872-இல் தொடங்கிய சத்திய ஞான சபையில் ஏழு வண்ணத் திரைகள் ஒவ்வொன்றாக விலகிய பிறகே ஜோதி தரிசனம். சாமித்தோப்பில் அய்யாவழியினர் கண்ணாடி முன் நின்று வணங்குகிறார்கள். கொரியாவில் பிறந்த வீடியோ கலைஞர் நாம் ஜூன் பைக் (Nam June Paik) 1974-இல் ஒரு புத்தர் சிலைக்கு எதிரே டிவியை வைத்து, கேமரா வழியாக அந்தச் சிலையின் உருவத்தையே அதில் ஓடவிட்டார். புத்தர் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பார். சாமித்தோப்பை அறிந்தவருக்கு இது அந்நியமாகப் படாது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது காத்திருப்பு. பார்ப்பவரைக் கொஞ்ச நேரம் சும்மா நிற்க வைக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கருவியின் இரைச்சலோ படத்தின் துள்ளலோ அந்த நேரத்தைக் கலைத்துவிட்டால், எவ்வளவு உயர்ந்த கருத்தானாலும் எடுபடாது.

வெளிநாட்டில் வழிபாட்டிடத்துக்குள்ளேயே இப்படி வைத்திருக்கிறார்களா?

ஆம். லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் 2014-இல் அமெரிக்க வீடியோ கலைஞர் பில் வயோலாவின் படைப்பு ஒன்று நிறுவப்பட்டது: மண், காற்று, நெருப்பு, நீர் என்று நான்கு நெட்டைத் திரைகள், சுமார் 7 நிமிடம். ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தில் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 2007-இல் அமைத்த சாளரத்தில் 72 நிறங்களில் 11,263 கண்ணாடிச் சதுரங்கள். எந்த நிறம் எங்கே என்பதைப் பெரும்பாலும் கணினியின் தற்செயல் தேர்வுக்கு விட்டார். அந்த ஊர்ப் பேராயருக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காதவர்கள் எப்போதும் இருப்பார்கள் என்பதை இங்கேயும் முன்கூட்டியே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதத்தில் வைக்கலாம்?

பிப்ரவரி முதல் மார்ச் பாதி வரை நீலகிரி, கொடைக்கானல் இரண்டுக்கும் நல்லது. ஊட்டிப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. கொடைக்கானல், குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பர்தான் பெருமழை. டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிவாக இருக்கும், ஆனால் ஊட்டியில் உறைபனி. ஏப்ரல், மே சீசனில் கூட்டம் வரும், வண்டிதான் நகராது. 2024 மே மாதம் முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். சாமான் ஏற்றி வரும் வேனுக்கும் சேர்த்தே எடுத்துவிடுங்கள்.

பழைய பங்களா அறையில் எத்தனை லூமென்ஸ் புரொஜெக்டர் போதும்?

கணக்கு எளிது. லூமென்ஸை (புரொஜெக்டர் தரும் மொத்த ஒளியின் அளவு) படத்தின் சதுர மீட்டரால் வகுத்தால் லக்ஸ், அதாவது திரையில் விழும் வெளிச்சம், கிடைக்கும். 3 மீட்டர் அகலப் படம் என்றால் 16:9 அளவில் உயரம் 1.7 மீட்டர், பரப்பு சுமார் 5 சதுர மீட்டர். 3,000 லூமென்ஸ் புரொஜெக்டர் அதில் ஏறக்குறைய 600 லக்ஸ் தரும். ஜன்னலை அடைத்த அறைக்கு இது தாராளம். பாதியாகக் குறைத்தாலும் தகும். தியானம் சார்ந்த படைப்புகள் மங்கலாக இருப்பதே நல்லது.

பிரச்சினை தூரத்தில்தான் வரும். த்ரோ விகிதம் (தூரத்தைப் பட அகலத்தால் வகுத்தால் வருவது) 1.5 உள்ள சாதாரண புரொஜெக்டருக்கு 3 மீட்டர் அகலம் வேண்டுமானால் 4.5 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். 12-க்கு 14 அடி அறையில் அந்த இடம் கிடையாது. 0.5 விகிதமுள்ள ஷார்ட் த்ரோ வாடகைக்கு எடுத்தால் 1.5 மீட்டரில் வேலை முடிந்துவிடும், பார்வையாளரின் நிழலும் படத்தில் விழாது.

கருங்கல் சுவர் வெளிச்சத்தை விழுங்கும். வெளுக்காத காடாத்துணியைத் துவைத்துக் கஞ்சி போட்டு, மேலும் கீழும் மூங்கில் கழி கோத்துத் தொங்கவிடுங்கள். துவைக்காமல் கட்டினால் மலை ஈரத்தில் இரண்டே நாளில் சுருங்கி ஓரம் இழுத்துக்கொள்ளும். திரை விலகும் உணர்வு வேண்டுமென்றால் மெல்லிய மல் துணியை 40 சென்டிமீட்டர் இடைவெளியில் மூன்று அடுக்காகக் கட்டி அதன் வழியே வீசுங்கள். ஒரே உருவம் மூன்று ஆழத்தில் மிதக்கும். வடலூரை நினைத்து ஏழு அடுக்கு கட்ட ஆசை வரும். நான்காவதைத் தாண்டினால் படம் கரைந்து வெறும் வெளிச்சம்தான் மிஞ்சும்.

ஒரு மணி நேரத்தில் புரொஜெக்டர் தானாக அணைந்துவிடுகிறது. குளிர் ஊரில் சூடாகுமா?

ஆகும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் எடுத்துச் செல்லும் சூடு குறைந்துவிடுகிறது. மெனுவில் 'ஹை ஆல்டிட்யூட்' என்றொரு தேர்வு இருக்கும். அதை ஆன் செய்தால் ஃபேன் வேகம் கூடும். பெரும்பாலான கம்பெனிகள் 1,500 மீட்டருக்கு மேல் இதைப் போடச் சொல்கின்றன.

அதற்கு விலை இரைச்சல். மௌனமான படைப்பில் அந்த 'உய்ய்' சத்தம் தியானத்தைக் கெடுக்கும். புரொஜெக்டரை ஒலி அடங்கிய பெட்டியில் வைத்து மூடாதீர்கள், மறுபடி சூடாகும். பக்கத்து அறையில் வைத்து, நடுச்சுவரின் ஜன்னல் கண்ணாடி வழியாக வீசுவது நல்லது. கண்ணாடியைச் சற்றே சாய்வாகப் பொருத்தினால் ஒளி திரும்பி லென்ஸில் அடிக்காது.

பனிமூட்டத்தில் என்ன ஆகும்?

அறைக்குள் நுழையும் பனி, ஒளிக்கற்றையைக் கண்ணுக்குக் காட்டும். பார்க்க அழகுதான், ஆனால் நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் படத்தின் கூர்மை போய்விடும். கற்றைதான் படைப்பு என்றால் ஜன்னலைத் திறந்துவையுங்கள். எழுத்தோ முகமோ தெரிய வேண்டுமென்றால் மாலை 4 மணிக்கே சாத்திவிடுங்கள்.

பனியைவிட ஆபத்து வியர்வை, அதாவது கருவியின் மேல் படியும் நீர். ஆட்கள் நிறைந்த அறையில் வெப்பம் 22 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் 16 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருள் மேலும் நீர் கோக்கும். இரவெல்லாம் வேனில் 8 டிகிரியில் கிடந்த கேமராவைக் கொண்டுவந்து உடனே திறந்தால் லென்ஸுக்கு உள்ளேயே பூத்துவிடும். ஜிப் பையில் மூடியபடியே அறையில் 2 மணி நேரம் வையுங்கள், பிறகு திறங்கள். மின்சாரம் கொடுப்பது அதற்கும் பிறகு. இரவில் கருவிகளைக் கட்டிவைக்கும் பெட்டியில் சிலிகா ஜெல் போட்டு, வாரம் ஒருமுறை அதை வாணலியில் வறுத்துக் காயவையுங்கள்.

விளக்குச் சுடரைப் படமெடுத்தால் வெறும் வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறதே?

கேமரா எல்லாவற்றையும் ஆட்டோவில் முடிவு செய்வதால்தான். இருட்டான பின்னணியைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது, சுடர் வெளுத்துப் போகிறது. மேனுவலுக்கு மாற்றுங்கள். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 100, நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50. இங்குள்ள மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பக்கத்தில் எரியும் எல்இடி பல்பின் துடிப்பும் இந்த ஷட்டரில் அடங்கும். சுடரின் நடுவில் அந்த மஞ்சள் இதழும் அடியில் நீலமும் பிரிந்து தெரியும்வரை அப்பர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளையை) மூடிக்கொண்டே போங்கள். சுற்றிலும் கரிய இருட்டாகிவிடும், ஆகட்டும். வைட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) 3,200 கெல்வினில் நிறுத்துங்கள். எண்ணெய் விளக்கின் ஒளி 1,900 கெல்வின் அளவுதான், அதனால் செம்பொன் நிறம் மிஞ்சும். ஆட்டோவில் விட்டால் அதைத் 'திருத்தி' ட்யூப் லைட் நிறமாக்கிவிடும். ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள், சுடர் அசையும்போதெல்லாம் லென்ஸ் தேட ஆரம்பிக்கும்.

நல்லெண்ணெய், பருத்தித் திரி. திரியின் நுனி கருகிப் பூத்திருந்தால் சுடர் புகையும், துள்ளும். படமெடுக்குமுன் நுனியைக் கிள்ளிவிட்டு 5 நிமிடம் நிதானமாக எரிய விடுங்கள். குறைந்தது 6 நிமிடம் தொடர்ச்சியாக எடுங்கள். லூப் (முடிந்ததும் மறுபடி தொடங்கும் படம்) ஒட்டும் இடம் தெரியாமலிருக்க, முடிவில் உள்ள 2 நொடியைத் தொடக்கத்தின் மேல் கரைத்து ஏற்ற வேண்டும். அந்த இரண்டு இடத்திலும் சுடரின் உயரம் ஒன்றாக இருக்கும் ஃப்ரேமைத் தேடுங்கள். உயரம் மாறினால் இரட்டைச் சுடர் ஒரு கணம் பேய் போல எட்டிப் பார்க்கும். 30 நொடி லூப்பைப் போட்டுவிட்டுத் தியானம் என்று சொல்லாதீர்கள். மூன்றாவது சுற்றில் எந்தக் குழந்தையும் கண்டுபிடித்துவிடும்.

நாம் ஜூன் பைக் புத்தர் சிலையோடு செய்தது போல நேரடி கேமராப் படம் வேண்டும். ஆனால் அசைவு தாமதமாகத் தெரிகிறது.

வைஃபை சிசிடிவி கேமராவோ செல்போன் ஸ்ட்ரீமிங்கோ வைத்திருப்பீர்கள். அவை படத்தைச் சுருக்கி அனுப்பி மறுபடி விரிப்பதால் அரை நொடி முதல் 3 நொடி வரை பிந்தும். சிலையைக் காட்டும்வரை தெரியாது. பார்வையாளர் குறுக்கே கையை நீட்டியதும் சாயம் வெளுத்துவிடும். கேமராவிலிருந்து எச்டிஎம்ஐ கேபிளை நேரே டிவிக்குக் கொடுங்கள். டிவியில் 'கேம் மோட்' போட்டால் இன்னும் குறையும். பழைய அனலாக் சிசிடிவியும் டப்பா டிவியும் கிடைத்தால் தாமதமே தெரியாது. கேமராவின் திரையில் ஓடும் பேட்டரி அடையாளம், எண்கள் எல்லாம் வெளியே போகாதபடி 'க்ளீன் எச்டிஎம்ஐ' உள்ள கேமராவாகப் பாருங்கள்.

ஆள் வந்ததும் மணி ஒலிக்க வேண்டும். எந்த சென்சார்?

சமவெளியில் எல்லாரும் பயன்படுத்தும் அல்ட்ராசோனிக் சென்சார் இங்கே ஏமாற்றும். அது ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது. ஊட்டிக்கு வருகிறவர் கம்பளிச் சால்வை போர்த்தியிருப்பார், கம்பளி ஒலியை விழுங்கிவிடும், ஆள் இல்லை என்று சென்சார் நினைத்துக்கொள்ளும். பிஐஆர் சென்சார் உடல் வெப்பம் நகர்வதைப் பார்க்கிறது. தடித்த ஸ்வெட்டர் அதையும் மறைக்கும் என்பதால் முகத்தின் உயரத்தில், ஆள் குறுக்கே கடக்கும் திசையில் பொருத்துங்கள். ஹீட்டரையோ வெயில் விழும் ஜன்னலையோ பார்க்கும்படி வைத்தால் ஆளில்லாமலே மணியடிக்கும். மின்சாரம் கொடுத்து ஒரு நிமிடம் கழித்தே நிதானத்துக்கு வரும்.

நம்பகமானது கால்மிதி. ஒரு தேங்காய்நார் மிதியடிக்கு அடியில் பிரஷர் மேட், இரண்டே வயர். மிதித்ததும் ஒலிக்காமல் 8 நொடி நின்றால் மட்டும் ஒலிக்கும்படி நிரலில் எழுதுங்கள். நிற்பவருக்கு மட்டும் மணி. அந்த 8 நொடிதான் படைப்பு என்றே சொல்லலாம்.

மணியோசை ஸ்பீக்கரில் தகரம் போலக் கேட்கிறது. ஏன்?

பதிவில் தவறு. மணியின் முதல் அடி மிக வேகமாக உச்சத்துக்குப் போகும். ஒலிமானியில் மெதுவாக அசையும் முள்ளை நம்பினால் உச்சி வெட்டுப்பட்டுவிடும். உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். மைக்கை மணியின் வாய்க்கு நேர் கீழே பிடிக்காமல் 2 மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் வையுங்கள், காற்றுக்கு மயிர் உறை போடுங்கள். ஒலி தேய்ந்து மறையும் வரை மூச்சுக்கூட விடாமல் காத்திருங்கள். அந்த வாலைப் பாதியில் வெட்டினால் காது உடனே கண்டுகொள்ளும்.

தகரக் கூரை உள்ள இடமானால் மழைக்காலத்தில் எந்த ஒலிப் படைப்பும் பலிக்காது. ஒலியளவைக் கூட்டி மழையோடு போட்டி போடாதீர்கள். மழையன்று ஒலியை நிறுத்தி, படத்தை மட்டும் ஓட்டுங்கள்.

சட்டம்: இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் வரம்பு.

கரண்ட் அடிக்கடி போனால்?

இன்வெர்ட்டர் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் 1,800 வாட்-அவர். அதில் பாதியை எடுப்பதே பேட்டரிக்கு நல்லது, இன்வெர்ட்டரில் கொஞ்சம் வீணாகும், கையில் வருவது 750 அளவு. புரொஜெக்டர், பிளேயர், ஆம்ப்ளிஃபையர் சேர்த்து 350 வாட் என்றால் 2 மணி நேரம். குளிரில் லெட்-ஆசிட் பேட்டரி இன்னும் குறைவாகவே தரும்.

வீடியோ ஓட்ட ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி வைத்திருந்தால், கரண்ட் போகும்போது மெமரி கார்டு கெட்டுப்போவதுதான் வழக்கமான சாவு. அதன் அமைப்பு மெனுவில் 'ஓவர்லே ஃபைல் சிஸ்டம்' ஆன் செய்தால் கார்டில் எதுவும் எழுதாது, எத்தனை முறை அணைந்தாலும் பிழைக்கும். அதே கார்டின் நகல் இரண்டு எடுத்து, பெயர் எழுதி, கண்காட்சிக் காவலரிடம் கொடுத்துவையுங்கள். இடி மின்னல் நாளில் ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும்.

சாம்பிராணிப் புகை போடலாமா?

வேண்டாம். பிசின் புகை லென்ஸிலும் ஃபில்டரிலும் ஒட்டும், ஒரு வாரத்தில் படம் மஞ்சளாகும். மணம் வேண்டுமென்றால் வாசலில், புரொஜெக்டருக்கு எதிர்ப்பக்கம். அல்ட்ராசோனிக் மிஸ்ட் இயந்திரம் வைத்தால் ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். உப்புத் தண்ணீரானால் வெள்ளைப் பொடி எல்லாவற்றின் மேலும் படியும்.

கோயிலிலும் பழங்குடி ஊர்களிலும் பதிவு செய்யலாமா?

தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பழனியில் கீழேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். எழுத்துமூலம் அனுமதி வாங்காமல் உள்ளே எதையும் எடுக்க நினைக்காதீர்கள். அடிவாரம், பாதயாத்திரை வழி, காவடிக்காரரின் கால்கள், இவை வெளியே கிடைக்கும். அங்கேயும் முகத்தைக் காட்டுமுன் கேட்க வேண்டும்.

நீலகிரியில் இன்னும் நுணுக்கம் தேவை. தோடர் மந்துகளில் (குடியிருப்புகளில்) உள்ள பால் கோயிலுக்குள் அதற்குரிய பூசாரி மட்டுமே போவார், தோடர் பெண்களே அருகே செல்வதில்லை. உள்ளே ட்ரோனால் எட்டிப் பார்ப்பது மரியாதைக் குறைவு மட்டுமல்ல, அந்தப் படம் எந்த அர்த்தமும் தராது. கோத்தர் இசையில் சாமிக்கான மெட்டுகள் வேறு, சாவுக்கான மெட்டுகள் வேறு. எது எதுவென்று தெரியாமல் ஒரு பதிவை எடுத்துத் திறப்பு விழாவில் ஒலிக்கவிட்டால், கேட்கும் கோத்தருக்கு அது கல்யாண வீட்டில் ஒப்பாரி. படகர் ஊரில் ஹெத்தையம்மன் விழாவுக்குப் போனால் ஊர்ப் பெரியவரைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் கேமராவை எடுக்க வேண்டும். தோடர் பூத்தையலுக்கு 2013 முதல் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்த வடிவத்தை அனிமேஷனாக்குமுன் தைப்பவர்களிடம் கேளுங்கள், கூலியும் பெயரும் கொடுங்கள்.

எடுத்ததை அவர்களுக்கு முதலில் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் நீக்கச் சொன்னதை நீக்கிவிடுங்கள். இதில் பேரம் இல்லை.

திருப்புகழை வைத்தால் காப்புரிமை வருமா?

அருணகிரிநாதர் 15-ஆம் நூற்றாண்டு, பாட்டுக்கு வராது. ஆனால் ஒருவர் பாடி வெளியிட்ட பதிவுக்கு, வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு உரிமை உண்டு. உள்ளூர் ஓதுவார் ஒருவரைப் பாட வைத்து, பணம் கொடுத்து, ஒப்பந்தம் எழுதிக்கொள்வது மலிவு. நன்றாகவும் இருக்கும்.

ஏஐ வைத்து முருகன் உருவம் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் பழனியாண்டி வரமாட்டார். கோவணமும் தண்டமும் தாங்கி நிற்கும் ஆண்டிக் கோலத்தைக் கேட்டால், நகை பூட்டி, மயில்மேல் ஏற்றி, நாள்காட்டிப் படத்தைத்தான் கொடுக்கும். வேலில் இரண்டு முனை, கையில் ஆறு விரல் என்று பிழையும் வரலாம். மலைமேல் பிறந்து வளர்ந்தவர் ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டால் படைப்பு அத்தோடு சரி. வேண்டுமென்றே மத உணர்வைப் புண்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதா 299-ஆம் பிரிவின்படி குற்றம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். உருவமில்லாமல் செய்யப் பாருங்கள். வேலின் நிழல் மட்டும் போதும்.

வெளியில், பாறைமேலோ மரத்தின்மேலோ வீசலாமா?

காட்டை ஒட்டிய இடத்தில் வேண்டாம். வெள்ளை ஒளிக்கு அந்துப்பூச்சிகள் நூற்றுக்கணக்கில் வந்து மொய்க்கும், காலையில் செத்துக் கிடக்கும். கொடைக்கானலில் காட்டுமாடு ஊருக்குள்ளேயே நடமாடுகிறது. இருட்டில் கேபிளில் கால் மாட்டினால் ஆளுக்கும் ஆபத்து, அதற்கும் ஆபத்து. குரங்கு பகலிலேயே வயரைக் கடித்துவிடும். முற்றத்தில், சுவருக்குள், இரவு 8 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

பார்வையாளர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட ஆரம்பித்தால்?

ஆரம்பிப்பார்கள். சுடர் ஒன்று அசைந்தால் போதும், கை தானாகக் குவியும். அவர்களிடம் போய் 'இது கலை, சாமி இல்லை' என்று விளக்க வேண்டாம். கும்பிடுவதா வேண்டாமா என்பது அவரவர் பாடு. நடைமுறை ஏற்பாடுகளைச் செய்யுங்கள். ஜனவரியில் ஊட்டி சிமென்ட் தரையில் வெறுங்காலோடு 10 நிமிடம் நிற்க முடியாது, நடைபாதை முழுக்கத் தேங்காய்நார் விரிப்பு போடுங்கள். செருப்பு வைக்க வாசலுக்கு உள்ளேயே பலகை வையுங்கள், வெளியே விட்டால் நனைந்துவிடும். திரையில் குங்குமம் வைக்காதிருக்க, துணிக்கு ஒரு மீட்டர் முன்னால் தாழ்வான பித்தளைத் தட்டு ஒன்று வைத்துவிடுங்கள். பூவும் காசும் அதில் விழும். கற்பூரம் ஏற்றுவதை மட்டும் காவலர் தடுக்க வேண்டும், காடாத்துணி சட்டென்று பற்றிக்கொள்ளும். தட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

அந்தக் காசைக் கண்காட்சிச் செலவில் சேர்க்காதீர்கள். கடைசி நாளன்று பக்கத்துக் கோயில் உண்டியலில் போட்டுவிடுங்கள், பூவை மரத்தடியில் கொட்டுங்கள், துணியைத் துவைத்து மடித்து வைத்தால் அடுத்த ஆண்டுக்கு ஆகும்.